காற்று யாருக்கு?

காலிமுகத்திடல் எல்லோருக்கும் பொதுவானது என்பர் நம் அறிஞர் சிலர். மாலை மயங்கியதும் அங்கே இறால் வடை பொரிகிறது. கொத்து ரொட்டி தாளம் போடுகிறது. நள்ளிரவு வரை கடற்காற்று இலவசம். உண்மைதான். ஆனால் கவர்னர் ஹென்றி வார்ட் 1859இல் அமைத்து முடித்த அந்த உலாப்பாதைக்கு நாட்டப்பட்ட கல், அது கொழும்பு மாதரின், குழந்தைகளின் நலனுக்கென்று கூறுகிறது. அக்காலத்தில் மன்னார் வழியே கால்நடையாக வந்து கோப்பித் தோட்டங்களில் மாண்ட தமிழ்ப் பெண்கள் எந்தக் கணக்கில் சேர்த்தி? கஜானாவை நிரப்பியது அந்தக் கோப்பியல்லவா?

கோப்பி போய்த் தேயிலை வந்தது, லயம் போகவில்லை. ஹல்துமுல்லைப் பிரிவிலுள்ள மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரியுமென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை வந்தது. குடியேற வீடு மட்டும் வரவில்லை. 2014 அக்டோபர் 29 காலை, மண் வந்து லயங்களை மூடிற்று.

நான்காண்டு கழித்து, 2018 அக்டோபர் 24இல், மலையக இளைஞர்கள் கறுப்புடையில் காலிமுகத்திடலை நிறைத்தனர். காற்று வாங்க அல்ல. தாய்மாரின் நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டுமென்று. அவர்களில் பலர் கொழும்புக் கடைகளில் இரவெல்லாம் பிறருக்குப் பரிமாறுகிறவர்கள். உல்லாசத் திடலில் அரசியலா என்று முகம் சுளிப்போர் கேட்கட்டும்: அந்த 1000 ரூபாய் வர்த்தமானியில் ஏற 2021 மார்ச் ஆயிற்று.