முதல் கேமரா வாங்கக் கடன் வேண்டாம்!

“நல்ல கேமரா வேண்டும், அப்பா!” என்கிறாள் மகள். போனில் படம் எடுத்துப் பழகியவள். விலையைக் கேட்டதும் தந்தைக்குத் தலை சுற்றுகிறது. தவணையில் வாங்கலாமா என்று யோசிக்கிறார்.

வேண்டாம்!

பிரான்சு நாட்டுப் புகைப்பட மேதை கார்ட்டியே பிரெஸ்ஸான் (1908–2004). பல நாடுகள் சுற்றிப் படம் எடுத்தவர். அவர் கையில் பெரும்பாலும் இருந்தவை, ஒரு சிறிய லைகா கேமராவும் 50 மில்லி மீட்டர் லென்சும்தான். படம் பிடித்தது அவருடைய கண்!

எதை வாங்குவது?

லென்சைக் கழற்றி மாட்டும் கேமரா போதும். ஒளி புகும் துவாரத்தையும், ஷட்டர் வேகத்தையும் கையால் மாற்ற வசதி வேண்டும். பாடமே அதில்தான் இருக்கிறது.

பழைய கேமரா வாங்கினாலும் குற்றமில்லை. ஆனால், லென்சை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மிச்சப் பணத்தில் ‘எஃப் 1.8’ லென்ஸ் ஒன்று வாங்கலாம். அந்த எண் குறையக் குறைய, துவாரம் பெரிதாகும். விளக்கு வெளிச்சத்திலும் முகம் தெளிவாக விழும்.

கடனில் வந்த கேமரா அலமாரியில் தூங்கினாலும், தவணை தூங்காது! முதலில் மகள் தினமும் படம் எடுக்கட்டும். ஆசை நிலைத்தால், அடுத்த கேமராவை அவளே சம்பாதித்து வாங்குவாள்.