பை நிறைய குழப்பம்



போன மாதம் கனடாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் இதழுக்குச் சந்தா கட்டி 8 மாதமாகிறது, கைக்கு வந்தவை 4 இதழ்கள்தான், மீதி 12 எங்கே என்று வாசகர் கேட்டிருந்தார். கடிதத்தில் கோபம் இல்லை, கணக்கு மட்டும் இருந்தது. அதுதான் எங்களை உறுத்தியது. தபாலைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் அலைந்த பிறகு, எங்கள் ஆங்கிலச் சந்தா படிவத்தை எடுத்துப் பார்த்தோம். 'பைமன்த்லி' என்று அச்சாகியிருந்தது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்ற நினைப்பில் நாங்கள் போட்டது அது. மாதத்துக்கு இரண்டு முறை என்று அவர் படித்திருக்கிறார். அகராதியைப் புரட்டினால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பொருளையுமே போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 6 என்றாலும் அதே சொல், 24 என்றாலும் அதே சொல்! 'பைவீக்லி'க்கும் இதே கதிதான். தமிழ்ப் பையென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று திறந்தாவது பார்க்கலாம்.

ஆண்டுக் கணக்கில் மட்டும் ஆங்கிலம் கொஞ்சம் சுதாரித்துக்கொண்டது. 'பையானுவல்' என்றால் ஆண்டுக்கு இருமுறை, 'பையெனியல்' என்றால் ஈராண்டுக்கு ஒருமுறை. 2012-இல் கொச்சியில் தொடங்கிய கலைவிழாவின் பெயரில் இருக்கிற 'பியனாலே' இரண்டாவதற்கு இத்தாலிய உறவு. ஆனால் ஓரிரண்டு எழுத்தை நம்பி ஒன்றரை ஆண்டு வித்தியாசத்தை ஒப்படைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. எங்கள் மெய்ப்புத் திருத்துநருக்கும் இல்லை. பதினான்கு இரவுகளை எண்ணிப் பிறந்த 'ஃபோர்ட்நைட்' எவ்வளவோ தெளிவான சொல். அமெரிக்கர்கள் அதைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். நம் பத்திரிகை உலகமோ 'வாரமிருமுறை', 'மாதமிருமுறை' என்று எப்போதோ முடிச்சைப் போட்டுவிட்டது. ஜூனியர் விகடன் வாரத்துக்கு எத்தனை நாள் வரும் என்று எந்தக் கடைக்காரரும் குழம்பியதில்லை.

இரண்டைக் குறிக்கும் இந்தப் 'பை' அடுப்படியிலும் இருக்கிறது. ஆப்ப சோடா பொட்டலத்தில் 'சோடியம் பைகார்பனேட்' என்று படித்திருப்பீர்கள். உள்ளே இரண்டாக எதுவுமில்லை: ஒரு சோடியத்துக்கு ஒரு கார்பனேட். சலவை சோடாவில் ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு சோடியம். அதோடு ஒப்பிட்டால், சோடியத்தின் கணக்கில் இங்கே கார்பனேட் இருமடங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிப் பார்த்து வைத்த பெயர். வேதியியலார் இப்போது 'ஹைட்ரஜன் கார்பனேட்' என்கிறார்கள், பொட்டலம் மாறவில்லை.

இதைவிடப் பெரிய கூத்து பில்லியன். 1484-இல் நிக்கோலா ஷூக்கே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் எழுதியபோது, மில்லியனை மில்லியனால் பெருக்கினால் வருவது அது. பெருக்கலில் மில்லியன் இருமுறை வருவதால் 'பி'; அதே 'பை'தான். நம் கணக்கில் லட்சம் கோடி. பிறகு பிரான்சில் சிலர் அதை ஆயிரம் மில்லியனுக்குச் சுருக்கினார்கள், அமெரிக்கா அதைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டன் நெடுங்காலம் லட்சம் கோடியிலேயே நின்றது. 1974-இல் பிரதமர் ஹெரால்டு வில்சன், அரசுக் கணக்குகளில் இனி 100 கோடியே பில்லியன் என்று அறிவித்தார். ஜெர்மானியர்களுக்கு இன்றும் அது லட்சம் கோடிதான். பழைய பிரிட்டிஷ் நூல்களை மொழிபெயர்க்கும் நண்பர்களே, பதிப்பாண்டைப் பார்த்துவிட்டு எண்ணைத் தொடுங்கள். தவறினால் பிழை ஆயிரம் மடங்கு.

'மடங்கு' என்று எழுதியதும் நினைவுக்கு வருகிறது. துணியை மடிப்பதிலிருந்து வந்த சொல் இது. ஆங்கிலத்தில் 'டூஃபோல்டு', 'த்ரீஃபோல்டு' என்பதில் இருக்கும் 'ஃபோல்டு'ம் மடிப்புதான். 'மல்டிப்ளை' என்ற சொல்லைப் பிரித்தால் அங்கேயும் 'பல மடிப்பு' என்கிறது லத்தீன். அந்த இரண்டு மொழிகளோடும் உறவே இல்லாத தமிழும் பெருக்கலுக்கு அதே துணியை எடுத்து மடித்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் வேட்டியை மடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும்: ஒருமுறை மடித்தால் இரண்டு, இன்னொருமுறை மடித்தால் மூன்றில்லை, நான்கு. அந்தச் சிக்கலை மூன்று மொழிகளுமே கண்டுகொள்ளவில்லை.

படிவத்தைத் திருத்திவிட்டோம். 'ஆண்டுக்கு 6 இதழ்கள்' என்று ஆங்கிலத்திலும் எண்ணிலேயே போட்டாயிற்று. கனடா வாசகருக்கு மன்னிப்புக் கடிதமும் போனது. மீதி இரண்டுக்குக் காத்திருப்பதாகப் பதில் எழுதியிருக்கிறார். அடுத்து வருவது தீபாவளி இரட்டை இதழ். சந்தாக் கணக்கில் அதை ஒன்றாக வைப்பதா, இரண்டாக வைப்பதா என்று இங்கே இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

அன்புடன்,
ஆசிரியர்