நகம் வெட்டப் படிப்பா என்று சிரிக்காதீர்கள்

கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தாராவியில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தான் வழக்கத்துக்கு மாறாக எழுந்து வாசல் வரை வந்து வரவேற்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. டீ வந்தது. டீயோடு பளபளப்பான நோட்டீஸ் ஒன்றும் வந்தது.

"மாப்பிள்ளை, உங்க ரயில்வே சொசைட்டியிலே ஒரு லோன் போட முடியுமா?" என்றார் அத்தான்.

நோட்டீசை வாங்கிப் பார்த்தேன். நக அலங்காரப் பயிற்சி. பத்தே நாள். சர்வதேசச் சான்றிதழ். நூற்றுக்கு நூறு வேலை உத்தரவாதம். வளைகுடாவில் வாய்ப்பு. கட்டணம் 65 ஆயிரம் ரூபாய்.

படிக்க ஆசைப்படுகிறவள் அக்காள் மகள். பிளஸ் டூ தேறியவள், வயது 19. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "நகம் வெட்டுறதுக்கா 65 ஆயிரம்?"

அவள் கோபப்படவில்லை. "மாமா, நீங்க ஆபீஸ்ல ஃபைல் பிடிக்கிறீங்க. நானும் ஃபைல்தான் பிடிக்கப் போறேன். உங்க ஃபைல் மேஜையிலே தூங்கும். என் ஃபைல் தூங்காது" என்றாள். நகத்தைத் தேய்க்கும் அரத்துக்கு அந்தத் தொழிலில் ஃபைல் என்றுதான் பெயராம். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்று, பார்சல் ஆபீசில் 14 ஆண்டுகளாக ஃபைல் புரட்டும் எனக்கு அதற்குப் பதில் இல்லை.

சிரிக்க நமக்கு என்ன உரிமை?

வீடு திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். நம்மவர்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தாராவியில் தோல் பதனிட்டார்கள். பலர் துணி வெளுத்தார்கள். இன்னும் பலர் விடியற்காலையில் இட்லிப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். அந்த வருமானத்தில்தான் பிள்ளைகள் படித்தார்கள். என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் உருவானதும் அப்படித்தான். அடுத்தவர் கால் நகத்தைத் தொடுவது கேவலம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

ஆகவே படிக்கலாமா, வேண்டாமா என்பது கேள்வியே அல்ல. எங்கே படிப்பது, எதைப் பார்த்துப் பணம் கட்டுவது என்பதுதான் கேள்வி. நம் குடும்பங்களில் இதை யாரும் கேட்பதில்லை. சீட்டுப் பணத்தை எடுக்கிறோம், சங்கிலியை அடகு வைக்கிறோம், நோட்டீசை நம்பிக் கட்டிவிடுகிறோம். ரசீதைக்கூட ஒழுங்காகப் படித்துப் பார்ப்பதில்லை.

இரண்டு இடங்கள்

"லோன் போடுகிறேன், ஆனால் முதலில் போய்ப் பார்ப்போம்" என்றேன். அடுத்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்குப் போனேன்.

முதலாவது, நோட்டீஸ் கொடுத்த இடம். குளிர்சாதன அறை. சுவர் முழுவதும் கண்ணாடி போட்ட சான்றிதழ்கள். மாணவிகள் 16 பேர், ஆசிரியை ஒருவர். ஒவ்வொரு மேஜையிலும் பிளாஸ்டிக் விரல்கள். அவற்றில் அழகான பூக்களை வரைந்துகொண்டிருந்தார்கள். "மனிதர் கையில் எப்போது பழகுவார்கள்?" என்று கேட்டேன். "கடைசி நாளில் ஒருவருக்கொருவர் செய்துகொள்வார்கள்" என்று பதில் வந்தது. கருவிகளை எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள் என்று கேட்டேன். நீல விளக்கு எரியும் ஒரு சிறிய பெட்டியைக் காட்டினார்கள்.

இரண்டாவது இடம், மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு சாதாரண அறை. மின்விசிறிதான். மாணவிகள் ஆறு பேர். ஆறு வாரப் பயிற்சிக்கு 22 ஆயிரம் ரூபாய். முதல் வாரம் முழுவதும் நகத்தின் அமைப்பு, கை கழுவுதல், கருவி கழுவுதல் இவ்வளவுதான். இரண்டாவது வாரத்திலிருந்து தினமும் மனிதர் கைகள். பக்கத்து மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள், காய்கறி விற்கும் பெண்கள் எல்லோரும் மத்தியான வேளையில் வந்து கையை நீட்டுகிறார்கள். அவர்களுக்கு இலவசம். ஈரத்தில் ஊறிய நகம், உடைந்த நகம், சொத்தை நகம் எல்லாம் அங்கே வருகிறது. பிளாஸ்டிக் விரலில் சொத்தை வருமா? அதற்கு வலிக்குமா? அது "ஐயோ" என்று கையை இழுத்துக்கொள்ளுமா?

அங்கேயே தீர்மானித்துவிட்டேன். நாம் கட்டும் பணம் காகிதத்துக்கு அல்ல, பழக்கத்துக்கு. எத்தனை நாள் பயிற்சி என்று கேட்காதீர்கள். எத்தனை உயிருள்ள கைகள் என்று கேளுங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய ஆபத்து

இது வெறும் அலங்காரத் தொழில் அல்ல, ரசாயனத் தொழிலும்கூட. ஜெல் பூச்சு என்பது சாதாரண நகப்பூச்சு போலக் காற்றில் உலர்வதில்லை. புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால்தான் இறுகும். அப்படி இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால், சிலருக்கு ஒவ்வாமை உண்டாகிவிடும். ஒருமுறை உண்டானால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் போகாது. பல்லை அடைக்கும் பசையிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் இருப்பதால், பிற்காலத்தில் பல் மருத்துவரிடமும் இதைச் சொல்லவேண்டி வரும்.

எங்கள் ரயில்வே குடியிருப்பிலேயே ஒரு பெண் இருக்கிறாள். ஐந்து நாள் பயிற்சி முடித்து, வீட்டிலேயே தொழில் தொடங்கினாள். ஜெல் தோலில் படக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. சில மாதங்களில் விரல் நுனிகள் வெடித்து, இரவெல்லாம் அரிப்பு. தோல் மருத்துவர் "இந்தத் தொழிலை விட்டுவிடு அம்மா" என்று சொல்லிவிட்டார். விளக்கும் கருவிகளும் பரணில் கிடக்கின்றன. வட்டி மட்டும் நிற்கவில்லை.

செயற்கை நகம் பொருத்தும் அக்ரிலிக் திரவத்திலும் இதே கதைதான். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற மலிவான திரவம் ஒன்று உண்டு. கடுமையான நெடி அடிக்கும். அதில் செய்த நகம் கல்லாக இறுகிவிடும். எங்காவது மாட்டி இழுத்தால், செயற்கை நகம் உடைவதற்குப் பதில் சொந்த நகமே பெயர்ந்து வரும். அமெரிக்காவில் 1970-களிலேயே இதன்மீது புகார்கள் வந்து அரசு நடவடிக்கை எடுத்தது. இதற்குப் பதில் எத்தில் மெத்தாக்ரிலேட் பயன்படுத்துவதுதான் முறை. சில ஜெல்களில் சேர்க்கும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய யூனியன் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. பெயர்ச்சீட்டே இல்லாத பாட்டிலை மேஜையில் வைத்துப் பாடம் நடத்தும் இடத்தில், இதையெல்லாம் யார் சொல்லித் தருவார்கள்?

பணம் கட்டுமுன் கேளுங்கள்

பெற்றோர்களே, பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். நீங்களும் ஒருமுறை நேரில் போங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. இந்தக் கேள்விகளைத் தெரிந்த இந்தியில் கேட்டாலே போதும்.

முதல் கேள்வி, ஓர் ஆசிரியைக்கு எத்தனை மாணவிகள், ஒரு மாணவிக்கு எத்தனை கைகள் கிடைக்கும்?

இரண்டாவது, கருவிகளை எப்படிக் கிருமி நீக்குகிறார்கள்? உலோகக் கருவிகளைத் தேய்த்துக் கழுவி, ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கருவியில் 121 டிகிரி வெப்பத்தில் குறைந்தது 15 நிமிடம் வைக்கவேண்டும். நீல விளக்குப் பெட்டி இதற்கு ஈடாகாது. வெளிச்சம் படாத பக்கத்தில் கிருமி அப்படியே இருக்கும். அட்டை ஃபைலை ஒருவருக்குப் பயன்படுத்தியபின் மற்றவருக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒரு துளி இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றிவிடும். பயிற்சிக்குப் போகும் பெண் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் போட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, போடுவதோடு எடுக்கவும் கற்றுத் தருகிறார்களா? ஜெல்லையும் அக்ரிலிக்கையும் முறையாக ஊறவைத்து எடுக்கத் தெரியாமல் பிய்த்து எடுத்தால் நகம் காகிதமாகிவிடும். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கெட்டுப்போன நகம் முழுதாக மாறி வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அந்த வாடிக்கைக்காரி அதுவரை உங்கள் கடை வாசலை மிதிக்கமாட்டாள்.

நான்காவது, எந்த நகத்தைத் தொடக்கூடாது என்று சொல்லித் தருகிறார்களா? நகச்சுற்று வந்து வீங்கிய விரலையும், சொத்தை நகத்தையும் பூச்சுப் போட்டு மறைப்பவள் தொழில்காரி அல்ல. "டாக்டரைப் பாருங்கள்" என்று திருப்பி அனுப்புபவளே தொழில்காரி.

ஐந்தாவது, சான்றிதழ் யாருடையது? "சர்வதேசம்" என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். 1946-ல் தொடங்கிய சிடெஸ்கோ, லண்டனில் 1878-ல் தொடங்கிய சிட்டி அண்டு கில்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் பெயரைச் சொன்னால், அந்தப் பள்ளிக்கு உண்மையிலேயே அங்கீகாரம் உண்டா என்று அந்த நிறுவனத்திடமே எழுதிக் கேளுங்கள். வளைகுடா வேலை என்று ஆசை காட்டினால், வேலைக்கு அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள்.

கடைசியாக, கட்டணத்தில் எது எது அடக்கம், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு ரசீது கிடையாது. ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கடன் வாங்காமலும் வழி உண்டு

கையில் பணமே இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். பத்தாம் வகுப்பு தேறியவர்களுக்கு ஐ.டி.ஐ.களில் காஸ்மெட்டாலஜி என்ற ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது. நகம், தோல், முடி மூன்றுக்கும் அதில் அடிப்படை கிடைக்கும். ஜன் சிக்ஷண் சன்ஸ்தான் என்ற அமைப்பும் உண்டு. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்த தொழிலாளர்களுக்காக 1967-ல் இதே பம்பாயில் 'ஷ்ரமிக் வித்யாபீட்' என்ற பெயரில் முதன்முதலாகத் தொடங்கப்பட்டதுதான் அது. நம்மைப் போன்றவர்களுக்காகவே பிறந்த அமைப்பு. ஆனால் நம்மவர்களில் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அங்கே தையல், அழகுக்கலை போன்ற பயிற்சிகள் குறைந்த செலவில் கிடைக்கின்றன. முதலில் அங்கே அடிப்படையைக் கற்று, கை பழகிய பிறகு ஜெல்லுக்கும் அக்ரிலிக்குக்கும் தனிப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இருக்கும் பணம் முழுவதையும் பயிற்சிக்கே கொட்டிவிடாதீர்கள். பயிற்சி முடிந்த மறுநாளே விளக்கும் கருவிகளும் நல்ல பூச்சும் வாங்கவேண்டும். அதற்குப் பணம் இல்லாமல்தான் பல பெண்கள் சான்றிதழைப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அக்காள் மகள் அந்த ஆறு வாரத்தையும் முடித்தாள். சொசைட்டியில் 30 ஆயிரம் மட்டும் லோன் போட்டேன். பயிற்சிக்கு 22, கருவிகளுக்கு 8. வீட்டுப்பாடத்துக்குக் கை கிடைக்காத ஒரு ராத்திரி, என் கையையே பிடித்துக்கொண்டாள். பார்சல் மை படிந்த பத்து நகங்களையும் தேய்த்துக் கழுவிப் பளபளப்பாக்கிவிட்டாள். மறுநாள் ஆபீசில் கையைச் சட்டைப்பையில் ஒளித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைக்காரர் எப்படியோ பார்த்துவிட்டார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "இது எங்கே கத்துக் கொடுக்கிறாங்க? என் பொண்ணும் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார்.

இன்று அவள் செம்பூரில் ஒரு அழகு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளம் 14 ஆயிரம். பெரிய தொகை அல்ல. ஆனால் லோன் தவணையை மாதம் பிறந்ததும் அவளே என் கையில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறாள்.

வீட்டில் ஒரு பெண் இந்தப் படிப்பைக் கேட்டால் சிரிக்காதீர்கள். நோட்டீசைப் பார்த்ததும் பணத்தையும் கட்டிவிடாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு அவளோடு புறப்படுங்கள். அந்த இடத்தின் சுவரில் இருக்கும் சான்றிதழ்களை எண்ணவேண்டாம். மேஜையில் நீட்டியிருக்கும் கைகளை எண்ணுங்கள்.