அவசர சிகிச்சையில் ஸ்கான்: நோயாளியின் வருமானத்தையும் சேர்த்துக் கணக்கெடுங்கள்

ஒஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள வைத்தியசாலைகளில் வைத்தியர்களாக, தாதியராக, ரேடியோகிராபர்களாக, துப்புரவுப் பணியாளர்களாக வேலை செய்யும் தமிழர்கள் நாங்கள். எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு இது: அவசர சிகிச்சையில் எடுக்கப்படும் எக்ஸ்ரே, சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்களின் புள்ளிவிபரங்களை நோயாளிகளின் வருமானத்தோடு இணைத்து, ஆளடையாளம் தெரியாதபடி, நகரப்பகுதி வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

நோர்வேயின் பொதுச் சுகாதார அமைப்பை நாங்கள் மதிக்கிறோம். சென்னையின் தனியார் வைத்தியசாலையில் ஸ்கானுக்கு முன் பணம் கட்டச் சொல்வதையும், இலங்கையில் அரச வைத்தியசாலையில் மெஷின் பழுதென்று “வெளியில எடுத்துக்கொண்டு வாங்கோ” என்று துண்டு எழுதித் தருவதையும் எங்களில் பலர் கண்டிருக்கிறோம். உல்லவோல் வைத்தியசாலையில் சி.ரி. மேசையில் கிடப்பவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. அனுமதிக்கப்பட்ட நோயாளிக்குக் கட்டணமே இல்லை. வெளிநோயாளியின் பங்குக் கட்டணத்துக்கும் ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 3,278 குரோணர். அதற்கு மேல் கட்டண விலக்கு அட்டையான ஃப்ரீகார்ட் கிடைத்துவிடும். 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை.

இத்தனை இருந்தும், இந்நாட்டின் மிகப் பணக்கார நூற்றில் ஒரு பங்கினருக்கும் மிக ஏழ்மையான நூற்றில் ஒரு பங்கினருக்கும் இடையே ஆயுள் எதிர்பார்ப்பில் ஆண்களுக்கு ஏறக்குறைய 14 ஆண்டுகளும் பெண்களுக்கு 8 ஆண்டுகளுக்கு மேலும் இடைவெளி இருப்பதை 2019இல் வெளியான நோர்வே ஆய்வு காட்டியது. இதன் பெரும்பகுதி வேலை, வீடு, புகைத்தல், படிப்பு என்று வைத்தியசாலைக்கு வெளியே உருவாவது. ஆனால் ஒரு பகுதி, நோய் வந்த அந்த இரவிலேயே தீர்மானமாகிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

பக்கவாதத்தை எடுத்துக்கொள்வோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூளையில் அடைப்பா, இரத்தக்கசிவா என்று படம் பார்க்காமல் அதைக் கொடுக்க முடியாது. ஆகவே ஸ்கான் எடுக்கும் நேரம்தான் கை கால் திரும்புமா என்பதைத் தீர்மானிக்கிறது. பக்கவாதத்தை அடையாளம் காண, பேசச் சொல், சிரிக்கச் சொல், கையைத் தூக்கச் சொல் என்று சுகாதார இயக்ககம் பிரசாரம் செய்தது. ஒஸ்லோவின் ஸ்தூவ்னரில் ஒரு வீட்டில் தந்தையின் வாய் கோணினால், அவசர எண்ணான 113க்கு அழைத்து நோர்வேஜிய மொழியில் விளக்குவது அநேகமாகப் பாடசாலைப் பிள்ளைதான். 2022இல் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டம், பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. அச்சட்டத்தின் நோக்கம் அழைப்பின் முதல் நிமிடத்திலேயே நிறைவேற வேண்டும். தொலைபேசி வழியாக உடனே இணையக்கூடிய தமிழ், சோமாலி, உருது மொழிபெயர்ப்பாளர்கள் 113க்கும் லேகெவாக்ட் எனும் அவசர வைத்திய நிலையத்தின் எண்ணான 116117க்கும் எந்த நேரமும் வேண்டும்.

இன்னொருவருக்கு மாலை வேலை முடித்து வரும்போது நெஞ்சு இறுக்குகிறது. லேகெவாக்டில் இரவுக் கட்டணம் பகலைவிடக் கூட. விடியட்டும், குடும்ப வைத்தியரிடம் போவோம் என்று படுத்துக்கொள்கிறார். சம்பளம் நாளைக்கு என்ன ஆகும் என்ற பயமும் அதில் சேர்ந்திருக்கிறது. ஒஸ்லோ லேகெவாக்ட் 2023இல் ஸ்டோர்காத்தாவிலிருந்து ஆக்கருக்கு மாறியது. குரூருட் பள்ளத்தாக்கின் மக்களுக்கு இது கிட்டவாக வந்தது நல்லதே. ஆனால் தூரத்தைக் குறைத்ததோடு வேலை முடியவில்லை. லேகெவாக்டின் பரிந்துரையில் எடுக்கப்படும் படங்களுக்கு, குறைந்த வருமானம் உள்ளவர்களிடம் பங்குக் கட்டணம் அறவிடக் கூடாது.

ஸ்கான் கூட எடுத்தால் நீதி கூடும் என்று நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் 44 சிறுவர் வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்தபோது, வெள்ளையினப் பிள்ளைகளுக்குக் கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் படங்கள் எடுக்கப்பட்டது தெரியவந்தது. அதில் எவ்வளவு தேவையானது, எவ்வளவு தேவையற்றது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்; சி.ரி. கதிர்வீச்சு பிள்ளைகளின் உடலுக்கு அற்பமான விடயம் அல்ல. பெரியவர்களின் லேசான தலைக்காயத்தில் S100B இரத்தப் பரிசோதனையால் தேவையற்ற சி.ரி.யைத் தவிர்க்கலாம் என்று 2013இன் ஸ்காண்டிநேவிய வழிகாட்டி சொல்கிறது. அது போன்ற நிதானம் பிள்ளைகளுக்கும் வேண்டும்; அது வசதியான ஃப்ரொக்னர்ப் பிள்ளைக்கும் வசதி குறைந்த ஃபூருசெட் பிள்ளைக்கும் ஒரேமாதிரிக் கிடைக்க வேண்டும்.

மறுபக்கத்தில், பல இலட்சம் பேர் பெரும்பாலும் தொழில்தருநர் வழியாகத் தனியார் சிகிச்சைக் காப்புறுதி வைத்திருக்கிறார்கள். அலுவலகத்தில் இருப்பவரின் முழங்கால் விரைவில் எம்.ஆர்.ஐ.க்குள் போகிறது; அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவரின் முழங்கால் வரிசையில் நிற்கிறது. படத்தை வாசிக்கும் கதிரியல் வைத்தியர்களோ இந்நாட்டில் அளவோடுதான் இருக்கிறார்கள். வைத்தியர் சங்கம் 2018இல் தொடங்கிய “யோர் க்லூக்கெ வால்க்” (புத்திசாலித்தனமாகத் தெரிவுசெய்) இயக்கம் தேவையற்ற படங்களைக் குறைக்கச் சொல்கிறது. காப்புறுதி நிறுவனங்களையும் அதே அளவுகோலுக்குக் கட்டுப்படுத்த வேண்டும்.

கணக்கெடுப்பது சிரமம் என்ற வாதத்தை ஏற்க மாட்டோம். சிகிச்சைத் தகவல் நோயாளர் பதிவேட்டில் இருக்கிறது. வருமானம் புள்ளிவிபரத் திணைக்களத்தில் இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது பொதுச் சுகாதார நிறுவனம் சில வாரங்களில் பதிவேடுகளை இணைத்து, தொற்று எந்த நாட்டில் பிறந்தவர்களிடையே கூடுதலாக இருந்தது என்று காட்டியது. அப்போது சில சமூகங்கள்மேல் பழி விழுந்ததையும் மறக்கவில்லை. ஆகவே எண்களை வெளியிடுமுன் அந்தந்தப் பகுதி மக்களின் அமைப்புகளோடு அமர்ந்து விளங்கிக்கொள்ள வேண்டும். அதில் பங்கெடுக்க நாங்கள் தயார்.

வதிவிட அனுமதி இல்லாதவர்கள் எந்தப் பதிவேட்டிலும் சரியாக விழமாட்டார்கள். அவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. உயிராபத்தில் சிகிச்சை பெறும் உரிமை அவர்களுக்கு இருந்தும், பின்னால் வரும் முழுக் கட்டணப் பட்டியலுக்குப் பயந்து வராமல் இருக்கிறார்கள். திருச்சபையின் நகரப்பணியும் செஞ்சிலுவையும் 2009 முதல் ஒஸ்லோவில் அவர்களுக்காக நடத்தும் சுகாதார நிலையம் தன்னார்வலர்களை நம்பி நிற்கிறது. அவசர சிகிச்சைக்கும் அதற்கான ஸ்கானுக்கும் அவர்களுக்குப் பட்டியல் அனுப்புவதைச் சுகாதார அமைச்சு நிறுத்த வேண்டும்.