கத்தியவள் சொன்னது உண்மை

பூமியை நோக்கி ஒரு வால்நட்சத்திரம் வருகிறது. மோதுவதற்கு இன்னும் 6 மாதம் 14 நாள். கணக்குப் போட்டுப் பார்த்தாயிற்று, பிசகில்லை. இதை நாடாள்கிறவர்களிடம் போய்ச் சொன்னால் என்ன செய்வார்கள்? சொல்ல வந்தவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்ப்பார்கள்!

2021 டிசம்பரில் வந்த அமெரிக்கப் படம் 'டோன்ட் லுக் அப்'. இயக்கியவர் ஆடம் மெக்கே. உலகம் அழிகிற கதை, ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு நம்மைச் சும்மா விடுவதில்லை என்பதால்தான் இந்தப் படத்தை இவ்வளவு பிடிக்கிறது.

வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தவள் கேட் என்கிற ஆராய்ச்சி மாணவி. அவளும் அவளுடைய பேராசிரியரும் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தவர்கள். ஜனாதிபதி மாளிகைக்கு அது போதவில்லை. பெரிய இடத்துப் படிப்பாளிகள் வந்து சரிபார்க்கட்டும் என்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத் தம்ளர் எடுக்கிறவர்களை அறிந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பிறகு டி.வி.க்குப் போகிறார்கள். நடத்துகிறவர்கள் ஜோக்கடிக்கிறார்கள். கேட் பொறுக்கமாட்டாமல், எல்லோரும் சாகப்போகிறோம் என்று கத்திவிடுகிறாள். அவ்வளவுதான், அவளைப் பைத்தியக்காரி ஆக்கி நாடே கேலி செய்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் அழகான விஞ்ஞானி ஆகிவிடுகிறார். சேதி ஒன்றுதான். சொன்னது பொம்பள, அதுவும் கோபமாகச் சொன்னாள்.

இது கற்பனையா? 1967-ல் கேம்பிரிட்ஜில் பல்சரை முதலில் கண்டவர் ஜோசலின் பெல் என்கிற ஆராய்ச்சி மாணவி. பத்திரிகைக்காரர்கள் விஞ்ஞானத்தை அவருடைய பேராசிரியரிடம் கேட்டார்கள். அவரிடம் கேட்டது உடம்பளவையும் ஆண் நண்பர்களையும். 1974-ல் நோபல் பரிசு பேராசிரியருக்குப் போனது. 2019-ல் 16 வயது கிரேட்டா துன்பர்க் பூமி சூடாவதைப் பற்றிப் பேசியபோது, உன் கோபத்தைச் சரிசெய்துகொள் என்று புத்தி சொன்னவர் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப். சூட்டைப் பற்றி அவருக்குப் பேச்சில்லை.

படத்தில் ஜனாதிபதியே ஒரு பெண்தான். நாற்காலியில் பெண் உட்கார்ந்ததால் கேட்டுக்கு என்ன கிடைத்தது? வால்நட்சத்திரத்தைத் திருப்பக் கிளம்பிய ராக்கெட்டுகள் பாதி வழியில் திரும்பி வருகின்றன. ஏன்? அதில் கோடி கோடியாய்க் கனிமம் இருக்கிறதாம், ஒரு செல்போன் முதலாளிக்கு அது வேண்டுமாம். வேலை கிடைக்குமென்று கேட்டின் அப்பா அம்மாவே வால்நட்சத்திரத்தின் கட்சி! மேலே பார்க்காதே என்பது ஆளுங்கட்சியின் கோஷம். கடைசியில் பணக்காரர்கள் கப்பலேறித் தப்புகிறார்கள்.

படத்துக்கும் ஒரு கண் குருடு. கேட் சொன்னதை முதலிலேயே நம்பி, கடைசிவரை தடுமாறாமல் நிற்பவர் ஓகல்தோர்ப் என்கிற கறுப்பின விஞ்ஞானி. அவருக்குக் கதையில் ஓரத்து நாற்காலிதான். நடுவில் இருப்பது வெள்ளைக்காரப் பேராசிரியரின் சபலமும் மன்னிப்பும்.

எச்சரிக்கை காதில் விழாமல் போவது நமக்கு வெறும் சினிமா அல்ல. உயிருக்கு ஆபத்து என்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். நாம் எழுதும்போது மட்டும், ஏன் இவ்வளவு ஆத்திரம், ஏன் இந்தக் கொச்சை என்று கேட்கிறார்கள்.

தோழர்களே, அதே கேள்வியை நாம் யாரிடமாவது கேட்கிறோமா? நம் கூட்டங்களில் பெண் தோழர்களுக்கு வரவேற்புரையும் நன்றியுரையும்தானே ஒதுக்கப்படுகிறது? இயக்கத்துக்குள் நடக்கிற அநியாயத்தை ஒரு மாணவி எழுந்து சொன்னால், விஷயத்தைப் பேசாமல் குரலைக் குறைக்கச் சொல்கிறோமே, அது எந்த நியாயம்? அடுத்த கூட்டத்தில் அப்படி ஒருத்தி எழுந்தால் மைக்கை அவள் கையில் கொடுங்கள். சொல்வது மெய்யா பொய்யா என்று மட்டும் பாருங்கள். மெய்யென்றால் அன்றைக்கே அதைத் தீர்மானமாக்குங்கள்.