செல்லாத நோட்டும் ஒரு செல்வமே

பழங்காசுகளைத் தேடித் தொகுப்பாரை உலகம் அறிஞரென மதிக்கின்றது. தபால் தலைகளைத் தொகுப்பாரையும் குறைகூறுவார் அரியர். ஆயின், செல்லாது போன காகித நோட்டுக்களைத் தொகுப்பாரைக் கண்டால் மட்டும், "கடையில் கொடுக்கவும் உதவாது, உருக்கி விற்கவும் உதவாது, இத்தாளால் யாது பயன்?" என நகைப்பார் பலர். இந்நகைப்புப் பொருந்தாதென்பது நம் கருத்து. அத்துடன், இத்தொகுப்பில் ஈடுபட்டாருள்ளும் பலர் அதன் உண்மைப் பயனை நழுவவிடுகின்றனர் என்பதையும் கூறாதிருத்தற்கில்லை.

பொன்னும் வெள்ளியும் தம்மளவிலேயே விலையுடையன. காகிதமோ அத்தகையதன்று, அதனை வெளியிட்டார் கூறிய வாக்குறுதியே அதன் விலை. நம் மொழியில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் நேர்மையையும் குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. பழைய நோட்டு ஒவ்வொன்றும், ஓர் அரசு தன் மக்களுக்குக் கொடுத்த வாக்கு எவ்வாறு காக்கப்பட்டது, அன்றி எவ்வாறு தவறிற்று என்பதற்கு எழுத்துச் சான்றாம்.

இந்தியாவில் முன்னர்க் கல்கத்தா, பம்பாய், சென்னை மாகாண வங்கிகள் தத்தம் நோட்டுக்களை வெளியிட்டன. 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வுரிமை சர்க்காருக்கே உரியதாயிற்று. அக்காலத்து வியாபாரிகள் பெருந்தொகை நோட்டுக்களை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தபாலில் அனுப்பி, அது சேர்ந்த செய்தி கிடைத்தபின்னரே மறுபாதியை அனுப்புவர். வழியிற் கள்வர் கவர்ந்தாலும் பாதித் தாள் அவர்க்குப் பயன்படாதன்றோ! இவ்வாறு வெட்டுண்டு பின் ஒட்டப்பெற்ற நோட்டுக்கள் இன்றும் கிடைக்கின்றன. அக்காலத்து வழிப்பயணத்தின் அச்சத்தையும், வணிகரின் மதிநுட்பத்தையும் அவ்வொட்டு ஒன்றே நமக்குக் காட்டும்.

முதல் உலக யுத்தத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தமையால், 1917-இல் ஒரு ரூபாய் நோட்டும், 1918-இல் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டும் வெளிவந்தன. ஐரோப்பாவில் மூண்ட போர், வெள்ளி ரூபாய்க்குப் பழகிய நம் நாட்டார் கையில் சிறு தாளைத் திணித்த கதை அவற்றில் அடங்கியுள்ளது.

வாக்குத் தவறிய கதைகளோ இன்னும் கொடியன. 1923-இல் ஜெர்மனியில் பண வீக்கம் கரைபுரண்டது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு டாலருக்கு நான்கு லட்சம் கோடி மார்க்குக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. 1924-ஆம் ஆண்டுத் தேதியிட்ட நோட்டொன்றின் மதிப்புக் கோடி கோடி மார்க்காகும். இப்பாடத்தை உலகம் கற்றதோ? 2009-இல் ஜிம்பாப்வே நாடும் கோடி கோடி டாலர் நோட்டை வெளியிட்டது!

மலேயாவை ஜப்பானியர் 1942 முதல் 1945 வரை ஆண்டபோது வெளியிட்ட பத்து டாலர் நோட்டில் வாழைமரம் பொறிக்கப்பட்டிருந்தது. மக்கள் அப்பணத்தை 'வாழைமரப் பணம்' என்றே அழைத்தனர். தொடக்கத்தில் அந்நோட்டுக்களுக்கு வரிசை எண் இருந்தது; பின்னர் வந்தவற்றில் எழுத்துக்கள் மட்டுமே உள்ளன. எண்ணி அச்சிடும் கடமையையே ஆண்டோர் கைவிட்டனர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? ஜப்பான் சரணடைந்ததும் அத்தாள் முழுதும் குப்பையாயிற்று. தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்மக்கள் கைப்பட்ட கூலியும் அதனுள் அடங்கும்.

இத்தகைய சான்றுகளைத் தொகுப்போர், இன்று விலை ஒன்றையே நோக்கி ஓடுவது வருந்தத்தக்கது. 786 என முடியும் எண்ணுக்கு ஒரு விலை, மடிப்பே விழாத தாளுக்கு ஒரு விலை எனப் பேரம் பேசுகின்றனர். பழைய நோட்டுக்களை வாங்குவதாகக் கூறிக் கட்டணம் கேட்டு ஏமாற்றுவார் பற்றி 1921-இல் அன்று, 2021-இல் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. மடிப்பற்ற நோட்டில் செதுக்குவோரின் கலைத்திறம் நன்கு விளங்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், ஒருவர் கையிலும் புழங்காத தாள் மக்கள் வாழ்வைப்பற்றி என்ன கூறும்? அழுக்கும் கிழிசலும் உடையதன்றோ உழைத்த நோட்டு!

ஆதலின் நம் மாணவர்க்கு நாம் கூறுவது இது. நோட்டைக் கழுவாதீர், சூட்டுப்பெட்டியால் தேய்க்காதீர், பசை நாடா ஒட்டாதீர். அது யாரிடமிருந்து வந்தது, எங்கே சம்பாதித்தது, ஏன் மாற்றப்படாமல் நின்றுவிட்டது என்பவற்றைக் கேட்டு, தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள். நோட்டு நூறாண்டு தாங்கலாம். அதன் கதையை அறிந்த பாட்டனார் அத்துணைக் காலம் இரார்.

2016 நவம்பரில் செல்லாவென அறிவிக்கப்பட்ட ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுக்களைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகப் பத்துத் தாள்களுக்கு மேலும், ஆராய்ச்சிக்கும் நாணயவியலுக்குமாயின் இருபத்தைந்துக்கு மேலும் வைத்திருத்தலைத் தடுத்துள்ளது. தொகுப்போர் இவ்வரம்பை மறவாதிருத்தல் வேண்டும். அன்று வங்கி வாயில்களில் மக்கள் வரிசையில் நின்ற வரலாற்றை உரைக்கப் பத்துத் தாள்களும் மிகையே. ஒரு தாளும், அதனுடன் உண்மையாக எழுதிய ஒரு பக்கமும் போதும்.

விலைபோகும் நோட்டைச் சேர்ப்பார் செல்வராகலாம். விலைபோகாத நோட்டைப் படித்தறிவாரே, அரசுகளின் நாணயத்தை அளந்தறியும் நற்குடிகளாவர் என்பது நம் துணிபு.