இல்லப் பராமரிப்பும் ஊரார் கடமையும்

ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது நம் நாட்டு வழக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று அப்பெருந்தேர் அசைவதைக் கண்டோர், ஆயிரம் கைகள் வடம் பற்றினாலன்றி அஃது ஓரடியும் நகராது என்பதை அறிவர். அத்தகையதொரு தேரை ஒருத்தி தன்னந்தனியே, ஒரு நாளன்று, இருபத்தாறு ஆண்டுகளாக இழுத்து வருவதை யான் என் ஊரிற் கண்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்திலுள்ள வ. புதுப்பட்டி என் ஊர். எங்கள் வீட்டிற்கு நான்கு வீடு தள்ளி ஓர் அம்மையார் வாழ்கின்றார். அவர்தம் மகனார்க்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். இருபத்தாறு வயதாகியும் அவ்வண்ணனால் தாமே எழுந்து அமர இயலாது, பேச்சும் தெளிவில்லை. எனினும், வத்திராயிருப்பிலிருந்து வரும் பேருந்தின் ஒலி கேட்டவுடன் முகமலர்ந்து சிரிப்பார். அம்மையார் அவரை நீராட்டி, உணவூட்டி, படுக்கைப்புண் வாராதபடி இரவிலும் எழுந்து புரட்டிப் படுக்கவைக்கின்றார். உறவினர் திருமணத்திற்கோ, மங்கிவரும் தம் கண்ணைக் காட்டவோ அவர் வெளியூர் சென்று பல்லாண்டுகளாயின. அத்தெருவிலேயே பிறந்து வளர்ந்த யானோ, சென்ற கோடை விடுமுறையில்தான் முதன்முதலாக அவ்வீட்டுத் திண்ணையில் அமர்ந்தேன். அப்பொழுது அவர், “சாவுக்கு நான் பயப்படலை ஐயா, எனக்குப் பிறகு இவனை யாரு பார்ப்பா?” என்றார். விடை கூறவியலாது தலைகுனிந்தேன்.

நிற்க. இத்தகைய தாயரைக் காணுந்தோறும் நாம் ‘தியாகத்தின் உருவம்’ எனப் புகழ்கின்றோம். அப்புகழ்ச்சி பெரும்பாலும் தோள்கொடாமைக்கு நாம் கூறும் சாக்கே என்பது என் கருத்து. வேறு சிலர், “எங்கேனும் ஓர் இல்லத்திற் சேர்த்துவிடலாமே” என்பர். நல்ல இல்லங்கள் உள. அவை வேண்டா என்று யான் கூறவில்லை. ஆயின், கண்காணிப்பற்ற இடத்தில் மனிதரை ஒப்படைத்தலின் கொடுமையை ஏர்வாடி நமக்குக் காட்டிற்று. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள், அங்குச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயினால் உயிரிழந்தனர்.

ஆகவே, தாய் தனித்துச் சுமத்தலும் தகாது. ஊரைவிட்டு அகற்றுதலும் தகாது. எனின், செய்யத்தக்கது யாது? மாற்றுத்திறனாளிகள் சமுதாயத்தின் நடுவிலேயே வாழும் உரிமையுடையர் என்றும், அதற்கு வேண்டும் துணை வீட்டிலும் ஊரிலும் கிடைத்தல் வேண்டும் என்றும் 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு கூறுகின்றது.

இதனைச் செயலிற் காட்டியோர் நமக்கு அண்மையிலேயே உளர். தென்காசியை அடுத்த ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள், பொறியியல் மாணவராயிருந்த 1975-ஆம் ஆண்டில், கடற்படை அதிகாரித் தேர்வின்போது வீழ்ந்து, கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தார். 1981-இல் அவர் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அதன் பணியாளர் சிற்றூர்கள்தோறும் சென்று, குழந்தைகளுக்கு அவர்தம் வீடுகளிலேயே பயிற்சியளிக்கின்றனர்; பெற்றோர்க்கும் அதனைக் கற்பிக்கின்றனர். பிறர் பராமரிக்கவேண்டியவர் என உலகம் எண்ணிய ஒருவரே, பலரைப் பராமரிக்கும் வழியை வகுத்தார் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

“பெற்றவளைப் போல் மற்றவர் பார்ப்பரோ?” எனச் சிலர் வினவலாம். பாரார், பார்க்கவும் வேண்டா. தாயின் அன்பைப் பிறரிடம் கேட்கவில்லை. தாயின் வேலையிற் பங்கு கேட்கின்றேன். படுத்தவரை நோவாது தூக்குதலும், புரையேறாது உணவூட்டுதலும் எவரும் கற்கத்தக்கனவே. ஒரு தெருவில் நால்வர் கற்று, வாரத்திற்கு இரண்டிரண்டு மணி நேரம் முறைவைத்து உதவின், அத்தாய்க்கு எட்டு மணி நேரம் கிட்டும். உதவி பெறுவோரின் விருப்பத்தையும் கேட்டல் வேண்டும். சொல் இல்லையெனினும் முகத்தில் விடை உண்டு.

‘எனக்குப் பிறகு யார்?’ என்னும் வினாவிற்குச் சட்டத்தில் ஒருபாதி விடை உளது. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மூளை முடக்குவாதம் போன்ற குறைபாடுடையார்க்குப் பாதுகாவலரை நியமிக்குமாறு, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆயின், சட்டம் ஒரு பெயரைத் தரும்; கைகளை ஊர்தான் தரவேண்டும். அக்கைகள் தாய் உயிரோடிருக்கும்பொழுதே அவ்வீட்டிற்குப் பழகியிருத்தல் வேண்டும்.

நண்பர்காள்! நாட்டு நலப்பணித் திட்டத்தில் நாம் மரம் நடுகின்றோம், வீதி பெருக்குகின்றோம். அவை நன்றே. இனி விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும், தம் தெருவில் அடைத்தே கிடக்கும் ஒரு கதவைத் தட்டுவீராக. யான் அம்மையாரிடம் புரட்டிப் படுக்கவைக்கும் முறையைக் கற்று வருகின்றேன். இன்னும் செவ்வனே கைவரவில்லை. வரும் ஆடியில் அவ்வண்ணனைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி, தேர் காண்பிக்க எண்ணியுள்ளோம். கேட்டபொழுது, பேருந்தின் ஒலி கேட்டாற்போற் சிரித்தார். அம்மையார் எங்களுடன் வரவில்லை. அன்று மதுரைக்குச் சென்று கண்ணைக் காட்டி வருவாராம்.